வாய்க்காலை மறித்த எருமையும் மூவர் இசைக்குழுவும்

கொன்றைக் காட்டில் ஒரு காட்டெருமை வாய்க்காலின் வாயிலேயே படுத்துக்கொண்டது. அதன் பருத்த உடம்பு தண்ணீரை மறித்தது. கீழே இருந்த குட்டை வற்றத் தொடங்கியது. அங்கேதான் பச்சையம்மா என்ற தவளையின் தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. தப்பி ஓடக் கால்கூட முளைக்காத பிள்ளைகள்! பச்சையம்மா எருமையிடம் தத்திப் போனாள்.

"எருமையண்ணே, கொஞ்சம் நகருங்க! என் பிள்ளைங்க செத்துப்போகும்!"

"இந்தச் சேறு எவ்வளவு சுகம் தெரியுமா? போ, போ!" என்று எருமை காதை மடக்கிக்கொண்டது.

பச்சையம்மா காட்டுப்பன்றியிடம் தத்தி ஓடினாள். பன்றி பாடினால் இடி விழுவதுபோல் இருக்கும். நகரத்துப் பிள்ளைகள் அதை மெட்டல் இசை என்பார்கள். பன்றி வந்து உறுமியது.

"சண்டைக்கா வர்றே?" எருமை கொம்பைத் தாழ்த்திக்கொண்டு இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தது.

அடுத்து குரங்கு வந்தது. சுரைக்குடுக்கையைத் தட்டி, கேட்பவர் இடுப்பை ஆட்டிவைப்பதில் அது கில்லாடி. இதற்கு நகரத்தில் ஃபங்க் இசை என்று பெயர். எருமை வாலை ஆட்டி ரசித்தது. அப்படியே குறட்டையும் விட்டது!

குட்டையில் நான்கு விரல் தண்ணீர்தான் மிச்சம். இங்கே பன்றிக்கும் குரங்குக்கும் தகராறு.

"உன் கத்தல்தான் கெடுத்தது!"

"உன் தாலாட்டுதான் கெடுத்தது!"

"அட, வாயை மூடுங்க ரெண்டு பேரும்!" பச்சையம்மா சீறினாள். "அவனை எழுப்ப உறுமல் வேணும். ஆட வைக்கத் தாளம் வேணும். எதுக்குன்னு சொல்ல என் பாட்டு வேணும். எல்லாத்தையும் ஒண்ணாப் போடுவோம்!"

போட்டார்கள் பாருங்கள், காடே கிடுகிடுத்தது! எருமை திடுக்கிட்டு விழித்தது. கால்கள் தாமாகத் துள்ள, எழுந்து ஆட்டம் போட்டது. பச்சையம்மாவோடு சேர்ந்து தொண்டை கிழியப் பாடவும் செய்தது:

"வழியை மறிக்கும் வம்பனே, விலகு!
தண்ணீர் எல்லார்க்கும்! விலகு, விலகு!"

அதன் காலடியில் தண்ணீர் குபுகுபுவெனக் கீழே பாய்ந்தது.

"பிரமாதம்! யார் அந்த வம்பன்? சொல்லுங்க, முட்டித் தள்ளிடறேன்!"

"நீங்கதான் அண்ணே!" என்றார்கள் மூவரும், ஆட்டத்தை நிறுத்தாமலே.

எருமை குனிந்து பார்த்தது. நிரம்பிவரும் குட்டையில் தலைப்பிரட்டைகள் கும்மாளம் போட்டன. எருமையின் முகம் தொங்கிப்போனது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது.

"என் வாயாலேயே பாடிட்டேனே, இனி எந்த மூஞ்சியோட இங்கே படுப்பேன்!" என்று கரையேறியது. "நிறுத்தாதீங்க, இன்னொரு தடவை!"

பச்சையம்மா ஆனந்தக் கண்ணீரோடு மறுபடி தொடங்கினாள்.

கோபமும் கொண்டாட்டமும் கைகோத்து நியாயம் கேட்டால், வழியை மறித்தவனும் கூடச் சேர்ந்து பாடுவான்.