பாஸான கத்திரிச் செடிகள்

கோணவாய்க்கால் பள்ளிக்கூடத்தில் மூன்று வாத்தியார்கள். தலைமையாசிரியர் ஏகாம்பரம், தில்லைநாயகம் சார், மரகதவல்லி டீச்சர். மூவருக்கும் மனசு தங்கம். மூளைக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு. வகுப்பில் விவசாயம் சொல்லித் தரணும் என்று இவர்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்த அம்மாள் கடைசி நாளில், "உங்க பிள்ளைங்களை எப்படி நடத்துறீங்களோ, அப்படியே செடியையும் நடத்துங்க" என்றார். பாவம், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

கூடவே ஓர் உத்தரவும் வந்தது. கல்வி அதிகாரி பார்வையிட வரும்போது பள்ளித் தோட்டத்தில் கத்திரிக்காய் தொங்க வேண்டும். இல்லையென்றால் ஏகாம்பரத்தின் நாற்காலி போய்விடும். ரொம்ப காலம் ஏங்கிக் கிடைத்த நாற்காலி. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாற்று நட்டார்கள். குட்டைச் செடி முன்வரிசை, நெட்டைச் செடி பின்வரிசை. தினமும் காலையில் பேர் கூப்பிட்டார்கள். ஒன்றும் வாய் திறக்காததால் எல்லாவற்றுக்கும் ஆப்சென்ட் போட்டார்கள். சனி, ஞாயிறு லீவு என்பதால் தண்ணீர் கிடையாது. பக்கத்து வயல்காரர் கூடையில் எரு கொண்டுவந்தார். மணி அடித்த பிறகுதான் சாப்பாடு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இத்தனையையும் மீறிப் பாதிச் செடிகள் காய்த்துத் தொலைத்தன. ஏகாம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து என்ன செய்வதென்று மூவரும் கூடிப் பேசினார்கள்.

"நல்லா படிச்சு முடிச்ச பிள்ளையை நாம இங்கேயே வச்சுக்கறோமா சார்?" என்று கேட்டார் மரகதவல்லி.

"அதெப்படி? டிசி கொடுத்து அனுப்பிடுவோமே" என்றார் ஏகாம்பரம்.

காய்த்த செடிகளையெல்லாம் வேரோடு பிடுங்கி, கேட்டுக்கு வெளியே வரிசையாக வைத்து, கைதட்டி வழியனுப்பினார்கள். திரும்பி நடப்பதற்குள் ஓர் ஆடு வந்து மொத்தத்தையும் மேய்ந்துவிட்டது.

"வெளியே போன உடனேயே இடம் கிடைச்சிடுச்சு" என்று பூரித்துப் போனார் தில்லைநாயகம்.

அதிகாரி வந்தார். தோட்டத்தில் வாடி வதங்கிய செடிகள்தான் மிச்சம். காய்த்ததெல்லாம் பாஸாகிப் போன கதையை ஏகாம்பரம் பெருமையாகச் சொன்னார். சரி, இதுகளுக்காவது தண்ணீர் ஊற்றக்கூடாதா என்று கேட்டார் அதிகாரி.

"ஃபெயிலான பசங்க சார். அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கோம். வந்தாத்தான் தண்ணி."

அதிகாரி தலையில் கைவைத்தார். நாளையிலிருந்து ஏகாம்பரம் இந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஏகாம்பரத்தின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

தில்லைநாயகம் அவர் தோளைத் தொட்டார். "எதுக்கு அழறீங்க? ஃபெயிலானா இங்கேயே விட்டு வச்சிருப்பாங்க. நீங்க பாஸ் சார்."

ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்துவிட்டது. அதிகாரியின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். பிறகு தாமாகவே கேட்டுக்கு வெளியே போய், செடிகளை வைத்த அதே இடத்தில் விறைப்பாக நின்றார். ஆடு மெல்ல வந்து அவர் வேட்டி நுனியைக் கவ்வியது.

"சாருக்கும் இடம் கிடைச்சிடுச்சு" என்று உள்ளேயிருந்து இருவரும் கைதட்டினார்கள்.