மணி அடிக்கட்டும்

"ஒரே ஒரு கேள்வி, டீச்சர். அது கிடைக்காமலே ரிட்டையர் ஆகிடுவேன் போல இருக்கு."

சொல்லிவிட்டுப் பூவராகன் தகரப்பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

அவர் சமவெளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். தலை முழுக்க வெள்ளை. எதிரே நின்ற தில்லைநாயகி அவரைவிட வெகுவாக இளையவர். மலையடிவாரப் பள்ளிக்கூடத்தில் தனி ஆளாகப் பாடம் சொல்பவர். அவரிடம் படித்த பிள்ளைகள் போகிற இடமெல்லாம் வாய் ஓயாமல் கேள்வி கேட்டு உயிரை எடுக்கிறார்கள் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு புகார் உண்டு. அந்தப் புகார் காதில் விழுந்துதான் பூவராகன் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சீடனாக வந்திருந்தார்.

"என்ன கேள்வி வேணும் சார்?" என்றார் நாயகி.

"எதுவானாலும் சரி. என் பிள்ளைங்க என்னைக் கேட்கணும். யார், என்ன, எங்கே, ஏன், எப்படின்னு முப்பது வருஷமா வினாச்சொல் நடத்துறேன். ஒரு பிள்ளை எழுந்து 'ஏன் சார்'னு கேட்டதில்லை. பாடம் முடிஞ்சதும் 'புரிஞ்சுதா'ன்னு கேட்பேன். கூரை பறக்கிற மாதிரி 'புரிஞ்சது சார்'னு கத்துவாங்க. அவ்வளவுதான்."

"ஒண்ணுமே கேட்டதில்லையா?"

"இல்லை."

"நல்லா யோசிங்க."

பூவராகன் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஒண்ணுக்குப் போகட்டுமா சார்னு கேட்பாங்க. அதையெல்லாம் கேள்வின்னு சேர்க்க முடியுமா?"

"அதுக்கு என்ன சொல்வீங்க?"

"மணி அடிக்கட்டும்னு சொல்வேன். வேற என்ன சொல்றது? ஒண்ணை விட்டா பின்னாலேயே ஒன்பது கிளம்பும்."

"ஓகோ," என்றார் நாயகி. உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்க."

குடித்தார். மலைத் தண்ணீர். இனித்தது.

பெட்டியைத் திறந்தார்.

உலக சுகாதார தினப் பாடத்துக்காக அவரே செய்தவை எல்லாம். துணி அடைத்துத் தைத்த பூமி உருண்டை. கம்பியில் வளைத்த கொசு. எந்த நாட்டில் எந்தக் காய்ச்சல் என்று வண்ணம் தீட்டிய வரைபடம். அப்புறம், வெள்ளை அட்டையில் கறுப்பு மையால் எழுதிய கேள்விகள். 'கொசு எங்கே முட்டையிடும்?' 'காலரா எப்படிப் பரவும்?' 'கையை எப்போது கழுவ வேண்டும்?'

நாயகி ஓர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பதில் இருந்தது.

"பிள்ளைங்க திணறக் கூடாதில்ல," என்றார் பூவராகன்.

"எழுத்து அழகா இருக்கு சார்."

உண்மையாகவே சொன்னார். பூவராகனுக்கு மனம் குளிர்ந்தது. சுருட்டி வைத்திருந்த பெரிய படத்தையும் விரித்தார். 'தினமும் எட்டு டம்ளர் நீர்.' ஒரு சிறுமி டம்ளரைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாள்.

"யாரு இது?"

"எங்க வகுப்புச் செவ்வந்தி. அவளைப் பார்த்துத்தான் வரைஞ்சேன்." அவர் குரல் இறங்கியது. "எத்தனை டம்ளர்னு கேட்டா முதல்ல எட்டுன்னு கத்துறது அவதான். ஆனா காலையில கொண்டுவர்ற பாட்டிலை சாயந்திரம் அப்படியே குறையாம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவா. போன மாசம் நீர்க்கடுப்பு, காய்ச்சல்னு படுத்துட்டா. இன்னமும் குடிக்கிறதில்லை. குடிம்மா, குடிம்மான்னு தொண்டை வத்தச் சொல்றேன். தலையை ஆட்டுறா. ஏன்னு மட்டும் விளங்கலை."

நாயகி மறுபடி உள்ளே போனார். ஒரு செம்பு நீர்மோர் வந்தது. அதைக் குடித்து முடித்ததும் இன்னொன்று வந்தது.

"போதும் டீச்சர்."

"எங்க ஊர்ல வேண்டாம்னு சொல்லக் கூடாது சார்."

குடித்தார்.

"சரி, வாங்க. அந்த பெஞ்சுல உட்காருங்க. உங்க பாடத்தை நானே நடத்திக் காட்டுறேன்."

பிள்ளைகளுக்கு நடுவே ஓர் இடம். பெஞ்சு குட்டை, முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. பக்கத்திலிருந்த பெண்குழந்தை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க ஃபெயிலா?" என்றது. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

நாயகி பூமி உருண்டையைச் சுழற்றினார். கொசுவைப் பறக்கவிட்டார். பூவராகன் ரசித்துக் கேட்டார். காலரா வந்தது. கொஞ்சம் நெளிந்து உட்கார்ந்தார். கை கழுவும் பாடம் வந்தது. நாயகி குவளையிலிருந்து வாளிக்குள் மெல்ல, மிக மெல்லத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார்.

பூவராகன் காலை மாற்றிப் போட்டார்.

ஃபெயிலா என்று கேட்டவள் எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. பின்வாசல் வழியே போனாள். சற்று நேரத்தில் கையை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பாடம் நிற்கவில்லை.

பூவராகன் அவளைப் பொறாமையோடு பார்த்தார். பிறகு, வாழ்நாள் பழக்கம், கை தானாக உயர்ந்தது.

"டீச்சர்... கொஞ்சம்... வெளியே..."

நாயகி திரும்பினார். முகத்தில் சிரிப்பில்லை.

"மணி அடிக்கட்டும் சார்."

எழுந்து போயிருக்கலாம். யார் பிடித்து வைக்கப் போகிறார்கள்? ஆனால் மணிக்கே வாழ்ந்த மனிதர். உட்கார்ந்தே இருந்தார்.

கொசு எங்கோ பறந்தது. உலகம் சுற்றியது. எந்த நாட்டில் எந்தக் காய்ச்சல் என்று நாயகி சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. மணியாக மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தவிர இந்த உலகத்தில் அவருக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

"கொசு எங்கே முட்டையிடும் சார்?"

தன் கையால் எழுதிய கேள்வி. தன் கையால் எழுதிய பதில். நினைவுக்கு வரவில்லை.

"சரி, பாடம் புரிஞ்சுதா?"

"புரிஞ்சது டீச்சர்!" என்றார் பூவராகன். கூரை பறக்கிற மாதிரி.

மணி அடித்தது.

பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். அதே குட்டை பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தார். வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சந்தேகம் ஏதாவது இருக்கா சார்?"

"உங்க பிள்ளைங்க இதைக் கேட்கிறதே இல்லையா?" சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினார்.

"இல்லை சார்."

"ஏன்?"

"அவங்களுக்கு வேற கேள்வி இருக்கு."

சாயங்கால பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். வழியெல்லாம் வயல்களில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு ஒரு சிறுமி நடந்து போவது அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. நடக்க நடக்க, நிறைந்த பாட்டில் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே போனது.

மறுநாள் காலை மேசை இழுப்பறையைத் திறந்தார். மரக்கட்டையில் கட்டிய கழிவறைச் சாவி அங்கேதான் கிடந்தது. மணி அடிக்கும்போது எடுப்பார்; இடைவேளை முடிந்ததும் உள்ளே போட்டுப் பூட்டுவார்.

சுவரின் உச்சியில் இருந்த ஆணியைப் பிடுங்கி, தன் இடுப்பு உயரத்தில் அடித்தார். எட்டு டம்ளர் படத்தை அதில் மாட்டினார். படத்தின் மேலேயே, அதே ஆணியில், சாவியையும் மாட்டினார்.

பிள்ளைகள் பார்த்தார்கள். அவர் பாடத்தைத் தொடங்கினார்.

பாதிப் பாடத்தில் செவ்வந்தியின் சுண்டுவிரல் தயங்கித் தயங்கி எழுந்தது. பூவராகன் பேச்சை நிறுத்தாமல் ஆணியைக் காட்டினார்.

அவள் போனாள். பின்னாலேயே ஒன்பது பேர் கிளம்பவில்லை. இரண்டு பேர் போனார்கள், வந்துவிட்டார்கள்.

செவ்வந்தி சாவியைத் திரும்ப மாட்டினாள். தன் இடத்துக்குப் போய் பாட்டிலைத் திறந்தாள். அண்ணாந்தாள். மடக் மடக்கென்று அவள் குடிக்கிற சத்தம் வகுப்பு முழுவதற்கும் கேட்டது. பாதி பாட்டில் காலியானது.

புறங்கையால் வாயைத் துடைத்தாள். உட்காரவில்லை.

"சார்."

"என்னம்மா?"

"நேத்து நீங்க ஏன் வரலை? உடம்புக்கு முடியலையா?"

மேசைமேல் இருந்த அட்டைகளை நோக்கி நீண்ட பூவராகனின் கை, பாதியில் நின்றது.