மஞ்சள் குளித்த ராஜா

கருங்குன்று மலை இப்போது இருப்பதைவிட ஒரு முழம் உயரமாக இருந்த காலம் அது. அந்த ஒரு முழம் எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தானே வாயைத் திறந்திருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

கருங்குன்று நாட்டை வழுதிக்கோன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் குளிர் தாங்கமாட்டார். காலையில் ஒரு வெந்நீர்க் குளியல், மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. காட்டு விறகெல்லாம் அவருடைய அண்டாவுக்கே போதவில்லை.

அப்போதுதான் சடையன் என்ற சுரங்கக்காரன், மலைக்கு அடியில் எரிகிற கல் இருப்பதைக் கண்டுபிடித்தான். நாம் நிலக்கரி என்கிறோமே, அதுதான். பற்றவைத்தால் நாள் முழுக்கக் கனலும். ராஜா துள்ளிக் குதித்தார்.

சடையன் விவரமானவன். பத்தடி வெட்டினால் ஒரு தூணை வெட்டாமல் விட்டுவிடுவான். அந்தத் தூணும் கரிதான். அதன் தலையில்தான் மலை உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் சுரங்கத்தைப் பார்க்க வந்த ராஜாவுக்கு அந்தத் தூண்கள் கண்ணை உறுத்தின.

"என்னப்பா சடையா, இவ்வளவு கரியைச் சும்மா நிக்க வச்சிருக்கே?"

"சும்மா நிக்கல மகாராஜா, மலையைத் தாங்கிக்கிட்டு நிக்குது."

"மலை தானா நிக்காதா? நான் பொறந்ததிலேருந்து நின்னுக்கிட்டுத்தானே இருக்கு! எடு, எடு!"

சடையன் தலையைச் சொறிந்தான். ராஜா சொன்னால் சொன்னதுதான். முதல் தூணை எடுத்தார்கள், மலை முனகியது. இரண்டாவதை எடுத்தார்கள், மலை நெளிந்தது. மூன்றாவதை எடுத்துவிட்டு ஓடியே வந்தார்கள், கூரை பொத்தென்று உட்கார்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், சில நாளில் சுரங்கத்துக்குள் சலசலவென்று தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. "பாத்தியா என் அதிர்ஷ்டத்தை! புது ஊத்து!" என்று ராஜா சுரங்க வாசலிலேயே குளியல் தொட்டி கட்டிக்கொண்டார். கரியும் அங்கே, தண்ணீரும் அங்கே. வேறென்ன வேண்டும்?

மேலே நடந்ததை அவர் பார்க்கவில்லை. தரை ஒரு முழம் இறங்கி, ஓடையின் பாறை பிளந்துவிட்டது. ஓடி வந்த தண்ணீரெல்லாம் அந்த வெடிப்புக்குள் இறங்கியது. மடுக்கள் ஒவ்வொன்றாக வற்றின, தவளைகளின் சத்தம் நின்றது. கடைசி மடுவில் ஒரு நீர்நாய் மூன்று குட்டிகளோடு இருந்தது. குட்டிகளுக்கு இன்னும் நீந்தத் தெரியாது. கற்றுக்கொடுக்கத் தண்ணீர் வேண்டாமா?  தாய் நேரே ராஜாவிடம் போயிற்று.

"ராஜா, நீங்க தோண்டினதுல எங்க ஓடை போச்சு."

"நான் தோண்டுறது கீழே, உன் ஓடை ஓடுறது மேலே. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? மூணு நாள் தர்றேன், நிரூபிச்சுக் காட்டு. இல்லாட்டி உன் மடுவுக்கு அடியில இருக்கிற தூண்களையும் எடுக்கச் சொல்லிடுவேன்" என்றார் ராஜா.

முதல் நாள் நீர்நாய் ஒரு செத்த மீனைக் கொண்டுவந்தது. "வெயில்" என்றார் ராஜா. இரண்டாம் நாள், சாய்ந்த கரைமரத்திலிருந்து விழுந்த குருவிக்கூட்டைக் கொண்டுவந்தது. "காத்து" என்றார் ராஜா.

மூன்றாம் நாள் அது ராஜாவிடம் போகவில்லை, முள்ளம்பன்றியிடம் போயிற்று. "கிழங்கு தோண்டுறதுல உன்னை மிஞ்ச ஆளில்ல. எனக்குக் கொஞ்சம் காட்டு மஞ்சள் தோண்டிக் குடு அண்ணே" என்றது. முள்ளம்பன்றி குவியலாகத் தோண்டிப் போட்டது. நீர்நாய் அதைப் பாறையில் நசுக்கி நசுக்கி, ஓடையோடு வெடிப்புக்குள் தள்ளிவிட்டது.

மதியக் குளியலில் ராஜா வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பாடி முடித்து எழுந்தபோது உச்சி முதல் பாதம் வரை ஒரே மஞ்சள், மீசை உட்பட.

ராணி பார்த்துவிட்டு, "இந்த வயசுல யாருக்கு மாப்பிள்ளையாகப் போறீங்க?" என்று கேட்டாள். சடையன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

நீர்நாய் முன்னால் வந்து தன் கைகளைக் காட்டியது. அவையும் அதே மஞ்சள்.

"இதை நான் மேலே ஓடையிலதான் போட்டேன் ராஜா. உங்க மீசைக்கு எப்படி வந்துச்சு?"

ராஜா தன் கையைப் பார்த்தார், அதன் கையைப் பார்த்தார். வெயில் என்று சொல்ல முடியவில்லை, காற்று என்றும் சொல்ல முடியவில்லை. அவருக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது.

"சடையா, எடுத்த தூணைத் திரும்ப வச்சிடலாமா?"

"அதுலதானே மகாராஜா குளிச்சீங்க? இப்ப சாம்பல்தான் இருக்கு."

அன்றே ராஜா மிச்சத் தூண்களைத் தொடக்கூடாது என்று ஆணையிட்டார். சுரங்கக்காரர்களோடு சேர்ந்து தாமே களிமண் சுமந்து வெடிப்பை அடைத்தார். அத்தனை பேர் அடைத்தும் ஒரே ஒரு மடுதான் நிரம்பியது. மற்றவை இன்றுவரை வெறும் பாறைதான்.

அந்த ஒரு மடுவில் குட்டிகள் நீந்தக் கற்றுக்கொண்டன. சுரங்கத்து ஊற்று நின்றுபோனதால் ராஜாவும் அங்கேதான் குளிக்க வரவேண்டியிருந்தது. பல் கிடுகிடுக்க அவர் பச்சைத்தண்ணீரில் இறங்கும்போதெல்லாம் மூன்று குட்டிகளும் அவர் மஞ்சள் மீசையைப் பிடித்து இழுக்கும். அவர் இழுக்கவிட்டுக்கொண்டே குளிப்பார்.

ஆகவே, காலுக்குக் கீழே இருப்பதை எடுக்கும் முன், அதன்மேல் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.