முதல் முழுக்கு

கொழுந்தாறு மூன்று ஊர்களைத் தொட்டுப் போகிறது. மேலே பேரூராட்சி, நடுவில் நகராட்சி, கடைசியில் செல்லக்கிளி தலைவராக இருந்த சின்ன ஊராட்சி. மேலே உள்ளவர்களின் சாக்கடையெல்லாம் அவள் ஊருக்குத்தான் வந்து சேரும். ஆற்றில் கால் நனைத்தாலே புண் வந்தது. மூன்று ஊரும் சேர்ந்து ஆற்றைச் சுத்தம் செய்யலாம் என்று அவள் மூன்று ஊர்த் தலைவர்களும் கூடிய கூட்டத்தில் கெஞ்சினாள்.

நகராட்சித் தலைவர் தணிகாசலம் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"எங்க ஊர்த் தண்ணி சுத்தம்மா. அழுக்கு எங்களுதுன்னா, அதை மட்டும் ஆத்துலேருந்து தனியாப் பிரிச்சுக் கொண்டு வா. அப்புறம் பேசலாம்."

பேரூராட்சித் தலைவர் ஞானமுத்துவும் அதற்குத் தலையாட்டினார்.

செல்லக்கிளி கும்பிட்டாள். "நீங்க சொன்னா சரிதாங்கய்யா. வர்ற தைப்பூசத்துக்கு எங்க ஊர்த் துறையில நீங்கதான் முதல் முழுக்குப் போடணும். முதல் மரியாதை உங்களுக்குத்தான்."

மரியாதை என்றதும் தணிகாசலம் மேளதாளத்தோடு வந்து இறங்கினார். மாலை போட்டுப் பரிவட்டம் கட்டினார்கள். ஊரே கரையில் கூடியிருந்தது. ஆறு கறுத்து, நுரை தள்ளிக்கொண்டு போனது. நாற்றம் மூக்கைத் துளைத்தது. படியில் வைத்த காலை அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது? இதுல மனுஷன் இறங்குவானா?"

"உங்க ஊர்லேருந்து வர்ற தண்ணிதாங்கய்யா. சுத்தம்னு நீங்கதானே சொன்னீங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர், வேடிக்கை பார்க்க வந்திருந்த ஞானமுத்து. செல்லக்கிளி இன்னொரு மாலையோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டாவது முழுக்கு உங்களுதுங்கய்யா."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

அன்றைக்கே மூவரும் கரையில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். மூன்று ஊருக்கும் பொதுவாகச் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. ஆறு மெல்லத் தெளிந்தது. பிறகு வந்த ஒரு பூசத்தில் தணிகாசலம் மூழ்கி எழுந்து, முகத்தை வழித்துக்கொண்டு கேட்டார்:

"இன்னொரு முழுக்குப் போட்டுக்கட்டுமா?"

"போடுங்கய்யா. ஆனா பின்னாடி பிள்ளைங்க நிக்குதுங்க, வரிசையில வாங்க."