தேவாங்கு கேட்ட பத்து இரவுகள்

ஊசிமலைக் காட்டின் உச்சியில் விலங்குகளுக்குச் சொந்தமாக ஒரு பெரிய தொலைநோக்கி இருந்தது. அதன் கண்ணாடிமேல் ஒரு யானை படுத்து உருளலாம். ஆனால் தொலைநோக்கி ஒன்றுதான். பார்க்க ஆசைப்பட்டதோ காடு முழுவதும்!

அதனால் ஒரு கமிட்டி போட்டார்கள். காட்டெருமை தலைவர். மயிலும் முள்ளம்பன்றியும் உறுப்பினர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மனுக் கொடுக்கலாம். மனுவைத் தேக்கு இலையில் முள்ளால் எழுத வேண்டும். இரண்டு இலைக்கு மேல் போனால் ஆடு தின்றுவிடும். அப்படித்தான் சட்டம்.

அந்தக் காட்டில் ஒரு தேவாங்கு இருந்தது. அது எட்டுத் தடவை மனுப் போட்டுவிட்டது. எட்டுத் தடவையும் இல்லை என்றே பதில் வந்தது.

முதல் தடவை, “விவரம் போதவில்லை” என்றார்கள். தேவாங்கு விவரம் சேர்த்து எழுதியது. “விவரம் அதிகம், படிக்க முடியவில்லை” என்றார்கள். அடுத்த தடவை, “இதில் புதிதாக என்ன இருக்கிறது?” என்றார்கள். அதற்கு அடுத்த தடவை, “இவ்வளவு புதிதாக இருப்பதை எப்படி நம்புவது?” என்றார்கள். மற்ற நாலையும் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது. எழுதிய தேவாங்குக்கு எப்படி இருந்திருக்கும்!

அது கேட்டது ஒரே ஒரு சிவப்பு நட்சத்திரத்தைப் பார்க்க. நல்ல பிரகாசமான நட்சத்திரம்தான். ஆனால் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு இரவு மட்டும், அது மங்கிப் போகும். தேவாங்கு ஒரு வயதுக் குட்டியாக இருந்தபோது அதைப் பார்த்தது. எட்டு வயதில் மறுபடி பார்த்தது. அதற்குக் குறுக்கே ஏதோ போகிறது என்று தேவாங்குக்குத் தோன்றியது. போவது எது? வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. தொலைநோக்கியில் தெரியும். இந்த எட்டு மனுவும், அந்த இரவு வருமுன் ஒருமுறை பழகிப் பார்த்துக்கொள்ளலாமே என்று போட்டவை.

இப்போது தேவாங்குக்குப் பதினைந்து வயது. ஒரு கண்ணில் படலம் விழத் தொடங்கிவிட்டது. வரும் பங்குனிப் பௌர்ணமி அன்று நட்சத்திரம் மங்கப்போகிறது. அதற்கடுத்த ஏழு வருஷம் தேவாங்குக்குக் கிடையாது.

ஒன்பதாவது தடவையாக அது இலையை எடுத்தது. “பங்குனிப் பௌர்ணமி. அந்த ஒரு இரவு மட்டும் போதும்” என்று எழுதியது. அந்த வழியாக வந்த நரி எட்டிப் பார்த்தது.

“என்னண்ணே இது! ஒரு ராத்திரியா?”

“ஆமாம் தம்பி. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.”

“வேண்டியதையே கேட்டா எவன் கொடுப்பான்? நான் நாப்பது கேட்பேன். வெட்டி நாலு கொடுப்பாங்க. நீங்க பத்து கேளுங்க!”

“தேதி போட்டிருக்கேனே?”

“தேதி போட்டா, இவன் என்ன நமக்கு உத்தரவு போடறான்னு எருமைக்குக் கோபம் வரும். அதுவும் பௌர்ணமி! நிலா வெளிச்சத்தில எதுவும் தெரியாதுன்னு பச்சைக் குழந்தைக்கும் தெரியும். விழுந்து விழுந்து சிரிப்பாங்க!”

“என் நட்சத்திரம் பளிச்சுன்னு இருக்கும் தம்பி. நிலா அதை ஒண்ணும் செய்யாது.”

“அதை அவங்களுக்கு யார் புரிய வைக்கிறது? எட்டுத் தடவை புரிய வைச்சீங்களே, என்ன ஆச்சு? முதல்ல ஏதாவது ஒரு ராத்திரியை வாங்குங்க. அப்புறம் மாத்திக்கலாம். எல்லாரும் மாத்திக்கிறதுதான்!”

நரி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தனக்குப் பலித்ததைச் சொன்னது. தேவாங்குக்கு வாதாடத் தெம்பில்லை. எழுதிய இலையைக் கசக்கிப் போட்டது. புது இலையில், “பங்குனியில் பத்து இரவுகள். எதுவானாலும் சரி” என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

கமிட்டி கூடியது. இலை மலைபோல் குவிந்திருந்தது. இருந்த இரவுகள் நூற்று எண்பது. கேட்கப்பட்டவையோ ஆயிரத்து எழுநூறு!

“எல்லாப் பயல்களும் பத்து மடங்காக் கேட்கிறான்கள்,” என்று காட்டெருமை முனகியது. “படித்துப் படித்து என் கண்ணே போய்விட்டது. எல்லாவற்றையும் பத்தால் வகு!”

முள்ளம்பன்றி வகுத்துக்கொண்டே வந்தது. தேவாங்கின் இலை வந்தது.

“பத்து கேட்டிருக்கு. ஒன்று கொடுக்கலாம்,” என்றது முள்ளம்பன்றி. “எந்த இரவு?”

“எதுவானாலும் சரின்னுதான் எழுதியிருக்கே,” என்றது மயில். “பாவம், ஒன்பதாவது தடவையாக் கேட்குது. அமாவாசையையே கொடுத்திடலாம்! அதைவிட நல்ல இருட்டு கிடையாது.”

“கொடு, கொடு!” என்றது காட்டெருமை. அன்று முழுவதும் கமிட்டி மனம் குளிர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான். பங்குனிப் பௌர்ணமியை யாரும் கேட்கவில்லை. அதனால் அதை ஒட்டிய பத்து நாளில் தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றிக் கழுவுவது என்று முடிவு செய்தார்கள்.

முடிவுகளை உச்சிப் பாறையில் ஒட்டினார்கள். தேவாங்கின் நடை நமக்குத் தெரிந்ததே. அது மலையேறி வந்து சேர ஆறு நாள் ஆனது. தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தது. பக்கத்தில் எழுதியிருந்த இரவைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு எழுந்து காட்டெருமையிடம் போனது.

“ஐயா, அமாவாசை எனக்கு வேண்டாங்க. பௌர்ணமியைக் கொடுங்க!”

காட்டெருமை அதை ஏற இறங்கப் பார்த்தது. “எல்லாரும் அமாவாசைக்கு அடிச்சுக்கிறாங்க. நீ என்னப்பா பௌர்ணமியைக் கேட்கிற?”

தேவாங்கு நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னது. ஏழு வருஷக் கணக்கைச் சொன்னது. தன் கண்ணைப் பற்றியும் சொன்னது. காட்டெருமை கேட்கக் கேட்கத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

“கண்ணாடியை நேத்தே கழற்றிட்டோமேப்பா. கழுவித் திரும்ப மாட்டப் பத்து நாள் ஆகும். பௌர்ணமிக்கு இன்னும் நாலு நாள்தானே இருக்கு!”

“ஏதாவது செய்ய முடியாதுங்களா?”

“இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. இதை ஏன் நீ மனுவில எழுதலை? இருட்டு ராத்திரிக்குத்தான் போட்டி. பௌர்ணமியை ஒருத்தர்கூடச் சீண்டலையே! ஒரு வரி எழுதியிருந்தா, கழுவுறதைத் தள்ளிப் போட்டு உனக்கே கொடுத்திருப்போமே!”

எழுதினேன், கசக்கிப் போட்டேன் என்று தேவாங்கு எப்படிச் சொல்லும்?

பௌர்ணமி அன்று அது உச்சியிலேயே ஒரு மரத்தில் உட்கார்ந்து பார்த்தது. நட்சத்திரம் மங்கியது. குறுக்கே போனது எது என்று தெரியவில்லை. விடிவதற்குள் பழையபடி பிரகாசம் வந்துவிட்டது.

அமாவாசை அன்று அது தொலைநோக்கிக்குப் போனது. கிடைத்ததை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. தொலைநோக்கியைத் திருப்பும் மந்தி, சிவப்பு நட்சத்திரத்தைக் குறி பார்த்து நிறுத்தியது. தேவாங்கு நல்ல கண்ணை வைத்துப் பார்த்தது. நட்சத்திரம் மட்டும் தனியாக எரிந்துகொண்டிருந்தது. குறுக்கே ஒன்றும் இல்லை.

“நல்லாத் தெரியுதா பெரியவரே?” என்று கேட்டது மந்தி.

“ரொம்ப நல்லாத் தெரியுதப்பா,” என்றது தேவாங்கு. சொல்லிவிட்டு அழுதது.

நமக்கு வேண்டியது எதுவோ அதை உள்ளபடி கேட்க வேண்டும். நாம் சொல்லாமல் மறைத்ததை, கொடுக்க மனம் உள்ளவராலும் கொடுக்க முடியாது.