சைரனுக்குப் பின் ஓர் உதை

மெல்பேண் நகரில் துவாரகன் என்று ஓர் ஆட்டக்காரன். முட்டை வடிவப் பந்தை அடித்து ஆடும் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம்தான் அவனுக்குத் தொழில். பத்து வருடம் அதுதான் சோறு போட்டது. தலையில் அடியும் அதுதான் போட்டது. கடைசி அடிக்குப் பிறகு சில நாள் பெற்ற மகளின் பெயரே அவனுக்கு வாயில் வரவில்லை.

"இன்னொரு அடி பட்டால் நான் பொறுப்பில்லை" என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். கழகத்துக்காரர்கள் பிரியாவிடை என்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே வந்தார்கள். எவ்வளவு அன்பாகத் தூக்கினாலும் வெளியே விடத்தானே தூக்குகிறார்கள்.

அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. நேரம் முடிந்து சைரன் ஊதினாலும், அதற்கு முன்பே பந்தைப் பிடித்துவிட்டவனுக்கு ஓர் உதை மிச்சம் இருக்கும். மற்ற எல்லோரும் நிற்க, அவன் மட்டும் அடிக்கலாம். ஆனால் நேர்கோட்டில் வந்து அடிக்க வேண்டும். ஓர் அடி பக்கவாட்டில் விலகினாலும் நடுவர் ஆட்டத்தை முடித்துவிடுவார்.

ஆடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெரிய போட்டியில் துவாரகனுக்கு அந்த உதை கிடைத்தது. கோல் விழுந்தால் வெற்றி. கோணம் வாய்ப்பாக வரட்டும் என்று, வருடக்கணக்கில் பழகிய கால் தானாக விலகிவிட்டது. பந்து காலில் படுமுன்பே ஆட்டம் முடிந்தது. அடிக்காத அந்த உதைக்காக அவன் இன்னும் ஏங்கினான். மனைவியோடு கடைக்குப் போனால்கூடக் கால் அந்த நேர்கோட்டில்தான் நடந்தது.

உதைக்கச் சொல்லிக்கொடுக்கும் வதனியைத் தேடி மைதானத்துக்குப் போனான். அவனைவிட இளையவள். பெண்கள் போட்டியில் அதே உதை அவளுக்கும் கிடைத்தது, அடித்தாள், வென்றாள். அடுத்த வருடமே முழங்கால் போய்விட்டது. ஆனாலும் அவள் முகத்தில் ஒரு குறையும் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்தால் துவாரகனுக்குப் பொறாமையாக இருக்கும்.

"கோச், ஒண்டு கேக்க வந்தனான்."

"கேளுங்கோ அண்ணா."

"ஒரு சின்னக் கழகம் கூப்பிடுது. டொக்டரின்ர கதையெல்லாம் கேக்க மாட்டினம். ஒரு சீசன் மட்டும்தான். பின்னேரம் முடிவு சொல்ல வேணும்."

"மகள் என்ன சொல்லுறா?"

"அவ சின்னப்பிள்ளை. அந்த ஓர் உதையை அடிச்சிட்டன் எண்டா என்ர மனம் அடங்கிடும், கோச். உங்களுக்கு அடங்கினதுதானே?"

வதனி ஒரு பந்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"அண்டைக்கு எவடத்தில நிண்டனீங்கள்?"

ஒரு நொடிகூட யோசிக்காமல் போய் நின்றான்.

"சைரன் ஊதியாச்சு. அடியுங்கோ."

ஓடி வந்தான். கால் விலகியது.

"ஆட்டம் முடிஞ்சுது" என்றாள் வதனி.

ஒரு சனமும் இல்லாத மைதானத்தில், கேட்க ஆளில்லாத நேரத்தில், அதே பிழை. துவாரகனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுபடி போய் நின்றான். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு நேரே வந்து அடித்தான். பந்து நடுவில் நிற்கும் கோல் கம்பங்கள் இரண்டுக்கும் இடையில் போய் விழுந்தது.

அவன் போட்ட சத்தத்தில் புல்லில் மேய்ந்துகொண்டிருந்த கடற்பறவைகள் எழும்பிப் பறந்தன. பிறகு அவனே ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்தான்.

"இன்னொண்டு, கோச்."

"அடியுங்கோ."

அதுவும் உள்ளே போனது. மறுபடி ஓடினான், மறுபடி வந்தான், மறுபடி அடித்தான். வதனி எண்ணவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மூச்சு வாங்கி, பந்தோடு நின்றபோதுதான் அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"இது உண்மையான ஆட்டம் இல்லைத்தானே, அதுதான் இப்பிடி. சனம் இருக்க வேணும். உண்மையா வெல்ல வேணும். அப்ப ஒண்டே போதும்."

வதனி குனிந்து முழங்காலைத் தேய்த்துவிட்டாள்.

"சொல்லுங்கோ கோச். உங்கட பந்து உள்ளுக்குப் போனாப் பிறகு எப்பிடி இருந்தது?"

அவள் நொண்டிக்கொண்டு கிட்ட வந்தாள். அவன் கையில் இருந்த பந்தை வாங்கி ஒரு தரம் முகர்ந்து பார்த்தாள்.

"எல்லாரும் ஓடி வந்து என்னைத் தோளில தூக்கிச்சினம். அழுதவை, சிரிச்சவை. மேல இருந்துகொண்டு நான் பந்து எங்க கிடக்குது எண்டு தேடிக்கொண்டிருந்தனான்."

"ஏன்?"

"திருப்பி அடிக்க. இண்டைக்கு விடியவும் அந்த நினைப்போடதான் எழும்பினனான், அண்ணா."