மூக்கு உதிர்ந்த சுவர்

முன்னொரு காலத்தில் பாலிகாபுரி என்ற நாட்டை உக்கிரசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் கொஞ்சுவான், மத்தியானம் அதே ஆளைக் கழுவேற்றச் சொல்வான். அவன் தும்மினால்கூட நாலு பேருக்கு வியர்க்கும்.

அவன் பள்ளியறைச் சுவரில் அவன் உருவத்தையே எழுதியிருந்தாள் சடைச்சி. சுண்ணாம்பு பூசி வண்ணம் தீட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் பத்தே நாளில் ராஜாவின் மூக்கு பொருக்காகக் கழன்று மெத்தையில் விழுந்தது. மறுபடி எழுதினாள். இந்த முறை மூக்கோடு ஒரு கண்ணும் போயிற்று.

தன் ஆயுளே உதிர்கிறதென்று ராஜா நடுங்கிப்போனான். பயந்த ராஜாவைப் போலப் பயங்கரம் உண்டா?

"சுவர் தோல் உரிந்ததா? பூசினவள் தோலையும் உரியுங்கள்!"

"நான் அன்றைக்கே சொன்னேன் மகாராஜா, இவள் கையில் ஏதோ வினை இருக்கிறது" என்றார் அரண்மனை வேலைகளை மேற்பார்க்கும் மணியக்காரர் பூமாலையப்பர். சபையில் அவளைப் பாராட்டும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு எரியும்.

பூச்சு உதிரும் காரணம் சடைச்சிக்குத் தெரியும். அந்தச் சுவருக்குப் பின்னால், சுவரை ஒட்டியே மணியக்காரர் தாமரைக்குளம் கட்டியிருந்தார். "சுவர் ஈரம், காயட்டும் ஐயா" என்று அவள் சொன்னபோது, "மேலே இன்னொரு பூச்சு இழு, போ" என்று விரட்டியவரும் அவரே. ஆனால் அந்தக் குளத்துக்காக ராஜா தன் முத்துமாலையையே அவர் கழுத்தில் போட்டிருந்தான். குளத்தைக் குறை சொன்னால் ராஜாவைக் குறை சொன்ன மாதிரி. தோலோடு தலையும் போகும்.

"மகாராஜா, சுவரையே சாட்சி கேளுங்கள்" என்றாள்.

"சுவர் பேசுமா?"

"ஐந்து நாள் கொடுத்தால் பேசும். இந்தச் சுவரில் பூச்சைச் சுரண்டிய இடத்தில் ஒரு பிடி பச்சைப்பயறு, எதிர்ச்சுவரிலும் அப்படியே ஒரு பிடி, துணியில் முடிந்து சுவரோடு அழுத்திக் கட்டி முத்திரை வையுங்கள். இரண்டும் என் கைப்பூச்சுதான். வினை என் கையிலென்றால் இரண்டு பயறும் ஒன்றுபோல இருக்கும். நான் தொடமாட்டேன். மணியக்காரர் ஐயாவே கட்டட்டும்."

"பயறா? அவித்துத் தின்னவா?" என்று சிரித்தார் மணியக்காரர்.

"பிழைத்துக் கிடந்தால் தின்கிறேன் ஐயா."

பயறைக் கட்டி அரக்கு முத்திரை வைத்து, காவலும் போட்டார்கள். சடைச்சி சிறையில் கிடந்தாள். தோலுரிப்பவன் வந்து அவள் முதுகைப் பார்த்துவிட்டுப் போனான். வெளியே வறண்ட காற்று வீசியது. 'ஈரம் போதாவிட்டால்? குளத்தை இறைத்துவிட்டால்?'

ஐந்தாம் நாள் எதிர்ச்சுவர் முடிச்சை அவிழ்த்தார்கள். பயறு கலகலவென்று தரையில் உருண்டது. அடுத்த முடிச்சு. துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது!

"யாரடா தண்ணீர் ஊற்றியது?" ராஜா வாளை உருவினான். "மணியக்காரரே, கட்டியது நீர்தானே?"

மணியக்காரர் கையைக் கூப்பினார். "ஐயோ, நான் ஊற்றவில்லை மகாராஜா! சுவரே ஊறியிருக்கிறது! பின்னால் என் குளம்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அந்த மாலையைக் கழற்றி அவளுக்குப் போடும்" என்றான் ராஜா. "அப்புறம் உம்முடைய தோல்..."

"வேண்டாம் மகாராஜா" என்றாள் சடைச்சி. "குளத்தை இறைக்க ஆள் வேண்டுமே."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இறைக்கட்டும். நாளைக்கே என் முகத்தை எழுது!"

"பழைய பூச்சைச் செங்கல் தெரியச் சுரண்டிவிட்டு மூன்று மாதம் காயவிட வேண்டும்."

"நான் ராஜா! காயச்சொல்லிச் சுவருக்கு ஆணையிடுகிறேன்."

"இடுங்கள் மகாராஜா. அது கேட்காவிட்டால் என் முதுகைப் பார்க்காதீர்கள்."

மூன்று மாதம் மணியக்காரர் குளத்தை இறைத்தார், மண் போட்டு மேடாக்கினார். தவணை முடிந்த அன்று சடைச்சி வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பக்கத்தில் ராஜா நின்றான். பொய் சொல்லிப் பூசிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"இன்னும் பத்து நாள் ஆகும், மகாராஜா."

காவலர்கள் தலை குனிந்துகொண்டார்கள். ராஜா தானும் சுவரில் கை வைத்துப் பார்த்தான். வெகுநேரம் வைத்திருந்தான்.

"ஆமாம், சில்லென்றுதான் இருக்கிறது" என்றான். "காயட்டும்."